மரீனு என்ற பேரும் கித்தேரி கேட்ட கேள்வியும்

சிப்பித்துறைக் கோயிலுக்கு ஓலைக்கூரை போட்டிருந்த காலத்தில், கித்தேரி என்று ஒருத்தி இந்த ஊரில் இருந்தாளாம். இன்று காலை கோயிலில் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் பெண் கொடுத்த வகையில் வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். எங்கள் ஊர் ஞானஸ்நானத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. சாமியார் பிள்ளையின் பேரைக் கேட்டார். ஞானத்தகப்பன் சொன்னார். உடனே பிள்ளையின் தாய், உங்கள் மகள்தான், பிள்ளையைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டு, "சாமி, அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். சாமியார் சொன்ன பிறகே பிள்ளையின் தலையைத் தொட்டிப் பக்கம் நீட்டினாள். "இதை வீட்டிலேயே கேட்டுக்கிட்டு வரக்கூடாதா? கோயில்ல என்ன கூத்து?" என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. கூத்து இல்லை ஐயா. சாப்பாடு ஆகட்டும் என்று பொறுத்திருந்தேன். இப்போது சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வள்ளம் வைத்திருந்தவர் ஒருவர்தானாம். சம்மாட்டி மக்சிமு. வலை அவருடையது. வள்ளம் அவருடையது. வள்ளத்தை ஏற்றி வைக்கிற மணலும் அவருடையது. கடல் ஒன்றுதான் அவருடையதாக இல்லை என்பார்கள். அவருடைய வள்ளத்தில் போகிறவர்கள் எல்லோரும் வடக்குத் தெருவில் குடிசை போட்டு இருந்தார்கள். கித்தேரியின் புருஷன் பஸ்தியானும் அவர்களில் ஒருவன். வாய் திறக்காத மனிதன்.

அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வடக்குத் தெருவில் ஆண்பிள்ளை பிறந்தால் சம்மாட்டிதான் ஞானத்தகப்பன். வேறு யாரும் நிற்க முடியாது. பேர் வைக்கிற உரிமை ஞானத்தகப்பனுக்கு. பிள்ளை பெற்ற தாயோ நாற்பது நாள் கோயில் வாசற்படி மிதிக்கக் கூடாது. ஆகவே மருத்துவச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். போகும்போது பேரில்லாமல் போகும் பிள்ளை, வரும்போது பேரோடு வரும். பெற்றவள் பாயில் படுத்தபடியே, "என்ன பேரு வச்சாவ?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு பெற்றவளுக்குத் தெரிய வேண்டுமாம். இது என்ன நியாயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வழக்கம் என்றால் வழக்கம்.

சரி, சம்மாட்டி என்ன பேர் வைத்தார்? ஒரே பேர்தான் வைத்தார். செர்வூலு. இந்த வீட்டில் பிறந்தது செர்வூலு. பக்கத்து வீட்டில் பிறந்ததும் செர்வூலு. எதிர்வீட்டில் பிறந்ததும் செர்வூலு. நெட்டைச் செர்வூலு, சுருட்டைமுடிச் செர்வூலு, சளிமூக்குச் செர்வூலு என்று அடையாளம் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். ஆனாலும் பேர் காதுக்கு நன்றாக இருந்தது. லத்தீன் பேர். புனிதர் பேர். சம்மாட்டி வாயால் வந்த பேர். தாய்மாருக்கு அதில் பெருமை. தாலாட்டுக்கூடக் கட்டினார்களாம்.

"செர்வூலு கண்ணே, என் செவ்வலரிப் பூவே,
செல்வர் வாய் அழைச்ச சீரான பேரோனே"

என்று தொட்டிலை ஆட்டுவார்களாம். பாட்டுச் சத்தம் சம்மாட்டியின் மாடிவீடு வரைக்கும் கேட்கும். மாடியில் சிரிப்பார்களாம். சம்மாட்டியின் தம்பி குருமடத்தில் சில வருஷம் லத்தீன் படித்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தவர். அந்தப் பேரைத் தேர்ந்து கொடுத்தவரே அவர்தான் என்று சொல்வார்கள். மாடியில் ஏன் சிரிக்கிறார்கள் என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பாட்டுப் பிடித்துப்போய்ச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடுவார்களாம்.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் மனைவி இருந்தபோது, "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்பாள்.

அப்படி இருக்கையில் பழைய சாமியார் இறந்து, புதுச் சாமியார் ஒருவர் வந்தார். வேறு தேசத்துக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பேசிப் பழக வேண்டும் என்று சாயங்காலமானால் கடற்கரைக்கு வந்துவிடுவாராம். மீன்காரப் பெண்களிடம், "அம்மணி, இம்மீன் யாது பெயர் உடையது?" என்று கேட்பாராம். அவர் அந்தப் பக்கம் போகும்வரை பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்களாம்.

ஒருநாள் கித்தேரி நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து, கருவாட்டுக்குப் பாரை மீனை வகுந்துகொண்டிருந்தாள். அவளுடைய மூத்த மகனும் தெருப் பிள்ளைகளும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாமியார் வந்தார்.

"தம்பி, உன் பெயர் யாது?"

"செர்வூலு."

"உன் பெயர்?"

"செர்வூலு."

"உனக்கு?"

"நானும் செர்வூலுதான் சாமி. அந்தா ஓடுதான்லா, அவனும் செர்வூலு."

சாமியாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். கித்தேரியிடம் வந்தார்.

"அம்மணி, நீங்கள் எல்லோரும் ஏன் பிள்ளைகளுக்கு இப்பெயரையே சூட்டியிருக்கிறீர்கள்?"

"நாங்க எங்க சாமி சூட்டினோம். சம்மாட்டி வச்ச பேரு. நல்ல பேருதான?"

"ஒரு புனிதரின் பெயர்தான். ஆனால் அதன் பொருள் உங்களுக்குத் தெரியுமா?"

"பேருக்குப் பொருள் வேற உண்டுமா?"

"உண்டு. முற்காலத்து உரோமாபுரியில் மனிதரை விலைக்கு வாங்குவார்கள். அப்படி வாங்கிய பையனை அந்தச் சொல்லால் அழைப்பார்கள். சிறிய அடிமை என்று பொருள்."

கித்தேரியின் கத்தி மீன் வயிற்றிலேயே நின்றுவிட்டதாம். கத்தியை எடுக்காமலே கேட்டாளாம்.

"சம்மாட்டி பேருக்கு என்ன பொருளு சாமி?"

"மாக்சிமுஸ். எல்லோரிலும் பெரியவன்."

"அவிய மூத்த மவன் வின்சேந்திக்கு?"

"வெல்லுகிறவன்."

"சரி சாமி. கால்ல மீன்தண்ணி படும். அந்தப் பக்கமா நடங்க."

அவ்வளவுதான் சொன்னாளாம். ஆனால் மீதி மீனை அவள் வகுந்த வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லோரும் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்களாம்.

கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த பெண்களிடம் முதலில் சொன்னாள். அந்தத் தெருவில் வாய்க்குப் பேர்போனவள் மிக்கேலம்மா. சுருட்டைமுடிச் செர்வூலு அவள் பெற்றவன்.

"நம்ம பிள்ளைய பேருக்குச் சின்ன அடிமைன்னு அர்த்தமாம்."

"யாருட்டி சொன்னது?"

"புதுச் சாமி."

"அவரா? நேத்து எங்க வீட்டு வாசல்ல நின்னு, உங்கள் ஆடு நலமான்னு கேட்டாரு. அங்க படுத்துக் கிடந்தது நாயி. அவர் சொன்னத நம்பிக்கிட்டு வந்திருக்கா பாரு. பேருன்னா கூப்பிடத்தான. கூப்பிட்டா பிள்ள திரும்புதான்லா? போதும்."

"கூப்பிட்டா அந்த நாயும்தான் திரும்புது" என்றாளாம் கித்தேரி.

மிக்கேலம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்து பஸ்தியானிடம் சொன்னாள். அவன் வலைமுடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

"நமக்கு மட்டுமா வச்சாரு? எல்லாப் பிள்ளைக்கும்தான வச்சிருக்காரு."

"நமக்கு மட்டும்னா நான் அழுதுட்டுக் கிடந்திருப்பேன். எல்லாப் பிள்ளைக்கும் வச்சிருக்காரு, அதான் கேக்கணும்ங்கேன். மூத்தவனுக்கு வச்சது வச்சாச்சு. இந்தா வயித்துல இருக்கறவனுக்கு அந்தப் பேரை வைக்க விடமாட்டேன்."

"சம்மாட்டி வள்ளத்துல கால் வைக்காதன்னு சொல்லிட்டாருன்னா? பொறக்கப்போற பிள்ளைக்குக் கஞ்சி வேணும்ட்டி."

"கஞ்சியும் வேணும். பேரும் வேணும்."

பஸ்தியான் மறுபடியும் வலைமுடிச்சுக்குத் திரும்பினான். அவன் எப்போதும் அப்படித்தான்.

கித்தேரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அதே வாரத்தில் சம்மாட்டியின் மகன் வின்சேந்திக்கும் ஆண்பிள்ளை பிறந்தது. சம்மாட்டிக்கு முதல் பேரன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று ஏற்பாடு. முதலில் வடக்குத் தெருப் பிள்ளைக்கு முடித்து அனுப்பிவிட வேண்டும். பிறகு சம்மாட்டி பேரனுக்கு, முடிந்ததும் வெளியே மேளம்.

ஞாயிறு காலை மருத்துவச்சி ரொசாரி பிள்ளையைத் தூக்க வந்தாள். கித்தேரி வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

"அக்கா, நீ முன்னால நட. பிள்ளைய நான் தூக்கிட்டு வாரேன்."

"உனக்கென்ன கிறுக்கா? பச்ச உடம்போட கோயில் வாசல் மிதிக்கவா போற?"

"மாதா மாட்டுக்கொட்டில்லதான பிள்ள பெத்தா. அவளையும் வெளிய நிக்கச் சொல்லுவியளா? நட."

ரொசாரி முன்னால் நடந்தாள். கித்தேரி பின்னால் போனாள். தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனார்களாம்.

கோயிலில் சம்மாட்டி சரிகைத் துப்பட்டா போட்டுக்கொண்டு தொட்டியடியில் நிற்கிறார். அவர் மனைவி பேரனைப் பட்டுத்துணியில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள். கித்தேரியைப் பார்த்ததும் சம்மாட்டிக்குக் கண் சிவந்தது.

"ஏட்டி, நீ எங்க வந்த? மருத்துவச்சிகிட்ட பிள்ளையக் குடுத்துட்டு வெளிய போ."

"குடுக்கேன் சம்மாட்டி. முதல்ல பேரச் சொல்லுங்க."

சாமியார் முறைப்படி பேரைக் கேட்டார். சம்மாட்டி தலையை நிமிர்த்திக்கொண்டு, "செர்வூலு" என்றார். கித்தேரி பிள்ளையைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"சாமி, அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

சாமியார் சம்மாட்டியைப் பார்த்தாராம். சாமியாருக்குச் சாப்பாடு வருவது சம்மாட்டி வீட்டிலிருந்து.

"அம்மணி, அது ஒரு புனிதரின் பெயர்."

"புனிதர் பேருன்னு தெரியும். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

"சடங்கு முடியட்டும். பிறகு பேசுவோம்."

"முடிஞ்ச பிறகு பேசினா, ஊத்தின தண்ணியத் திருப்பி எடுத்துக்கிடுவியளா? கடற்கரையில எனக்கு ஒருத்திக்குச் சொன்னத இங்க எல்லாருக்கும் சொல்லுங்க. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

மூன்று தரம் கேட்டாள் என்பார்கள். மூன்றாவது தரம் சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு, "சிறிய அடிமை" என்றார்.

வடக்குத் தெரு ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம். தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்களாம். வாசலில் அந்தப் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

சம்மாட்டி கூசினார் என்றா நினைக்கிறீர்கள்? கூசவில்லை.

"அதுக்கென்ன இப்போ? அந்தப் புனிதர் கைகால் வராம கோயில் வாசல்ல கிடந்து பிச்சை எடுத்தவரு. அந்தப் பிச்சையிலயும் மத்த ஏழைகளுக்குக் குடுத்தவரு. எப்பேர்ப்பட்ட ஆத்துமா. அவர் பேரு உன் பிள்ளைக்குக் கசக்குதோ?"

கித்தேரி இதை முழுக்கக் கேட்டாளாம். கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நல்ல மனுசராத்தான் இருந்திருக்காரு. இப்பவாவது சொன்னீயளே, சந்தோசம். அப்ப ஒண்ணு செய்யுங்க. உங்க பேரனும் இங்கதான இருக்கான். முதல்ல அவனுக்கு அந்தப் பேர வையுங்க. அடுத்தாப்ல என் பிள்ளைக்கும் அதையே வைக்கேன். ரெண்டு பேரும் ஒரே புனிதர் பேர்ல வளரட்டும்."

சம்மாட்டி தன் மனைவியின் மடியைப் பார்த்தார். அவர் மனைவி, யாரோ பறிக்க வந்ததுபோல, பேரனை முந்தானையால் மூடிக்கொண்டாளாம். மூடினாள் பாருங்கள், அதுதான் பதில். அத்தனை வருஷமாக மாடியில் சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் அந்த முந்தானையில் தெரிந்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து மிக்கேலம்மா குரல் கொடுத்தாளாம். "மூடாதிய தாயி, பிள்ளைக்கு மூச்சு முட்டும். பேரு ஒண்ணும் சொறி இல்ல, காத்துல ஒட்டாது."

சம்மாட்டி அவளை விட்டுவிட்டுப் பஸ்தியான் பக்கம் திரும்பினார். "பஸ்தியான், உன் பெண்டாட்டியக் கூட்டிட்டு வெளிய போ. இல்லன்னா நாளைக்கு என் வள்ளத்துல கால் வைக்காத."

பஸ்தியான் ஆண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தான். பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறான் என்று எல்லோரும் நினைத்தார்களாம். அவன் வந்து கித்தேரிக்கும் சம்மாட்டிக்கும் நடுவில் நின்றான்.

"பிள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சம்மாட்டி. எங்க மாமன் மவன் நிக்கட்டும்."

ஊர் முன்னால் அவன் வாழ்நாளில் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் என்பார்கள்.

சம்மாட்டி பேரனைத் தூக்கச் சொல்லிவிட்டு, வீட்டாரோடு விறுவிறுவென்று வெளியே நடந்தார். வெளியே நின்ற மேளக்காரர்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது. சடங்கு முடிந்துவிட்டது என்று நினைத்து, அவர் தலையைக் கண்டதும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மாடிவீடு வரைக்கும் அவருக்கு முன்னால் வாசித்துக்கொண்டே போனார்களாம்.

உள்ளே சாமியார், "அம்மணி, என்ன பெயர் வைக்கட்டும்?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. அர்த்தத்தோட சொல்லுங்க."

"விக்டர். வெற்றி பெற்றவன்."

"யாரைத் தோக்கடிச்சு? வேண்டாம்."

"லிபராத்துஸ். விடுதலை செய்யப்பட்டவன்." இந்தப் பேரைச் சொல்லும்போது சாமியாருக்கே கண் கலங்கியதாம். இதைத்தான் அவள் எடுப்பாள் என்று நினைத்தார்.

கித்தேரி யோசித்தாள். "யாரோ அவுத்துவிட்ட மாதிரில்லா இருக்கு. அவுத்துவிட்டவனுக்குக் காலம்பூரா நன்றி சொல்லணும். என் பிள்ளைய யாரும் கட்டிப்போடல. வேற சொல்லுங்க."

சாமியார் வெளியே பார்த்தாராம். ஓலைக் கோயில்தானே, சுவர் பாதிதான். அந்தப் பக்கம் அலை தெரிகிறது.

"மரீனுஸ் என்று ஒரு பெயர் உண்டு. கடலைச் சேர்ந்தவன்."

"கடல் யாருக்குச் சொந்தம் சாமி?"

"கடவுளுக்கு."

"சம்மாட்டிக்கு இல்லையே?"

"இல்லை."

"அப்ப அந்தப் பேரு."

பிள்ளையை நீட்டினாள். தண்ணீர் ஊற்றினார்கள். மரீனு என்று இந்த ஊரில் முதலில் பேர் வைத்தது அவனுக்குத்தான்.

அதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னால் பொய். மறுநாள் பஸ்தியானுக்கு வள்ளம் இல்லை. நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டுமரம் கட்டித் தனியாகக் கடலுக்குப் போனான். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் கிழங்குதான் என்பார்கள். தெருவில் சிலர் அவனோடு சேர்ந்தார்கள். பாதிப் பேர் சம்மாட்டி வள்ளத்துக்கே போனார்கள். பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒருவர்கூடச் சம்மாட்டியை ஞானத்தகப்பனாக நிற்க விடவில்லை. ஒரு தாய்கூடப் பிள்ளையை மருத்துவச்சி கையில் கொடுத்தனுப்பவும் இல்லை. தானே தூக்கிக்கொண்டு போனாள். தானே கேட்டாள்.

சம்மாட்டி தன் பேரனைப் பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்தார். இங்கே கொடுத்தால் கேள்வி வருமே. அந்தப் பேரனுக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை.

மற்றச் செர்வூலுகள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியார், வளர்ந்த பிள்ளைகள் புதுப் பேர் எடுத்துக்கொள்ளக்கூடிய உறுதிபூசுதல் சடங்குக்கு வந்தபோது ஒவ்வொருவனும் வேறு பேர் எடுத்துக்கொண்டான். கித்தேரியின் மூத்த மகன் மட்டும் எடுக்கவில்லை. "அந்தப் புனிதர் என்னம்மா தப்பு செஞ்சாரு? வச்சவன் மனசுல்லா அழுக்கு. பேரு இப்ப என்னுது" என்றானாம். கித்தேரி அவனோடு பல நாள் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் கடைசிவரை அவனை மூத்தவனே என்றுதான் கூப்பிட்டாள், பேர் சொல்லவில்லை. நான் அந்த மூத்தவன் வழி. எங்கள் வீட்டை இன்றைக்கும் செர்வூலு வீடு என்றுதான் சொல்வார்கள். நாங்கள் அதை மறைத்ததில்லை.

ஓலைக் கோயில் போய்க் கல் கோயில் வந்தது. எத்தனையோ சாமியார்கள் வந்து போனார்கள். ஒருவர், "இந்தக் கேள்வி பூசைப் புத்தகத்தில் இல்லை, சொல்ல மாட்டேன்" என்று அடம் பிடித்தார். பிள்ளையின் தாயும் நகரவில்லை. கோயிலில் இருந்த ஒருவரும் நகரவில்லை. பிள்ளை பசித்து அழுதது. அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று மறுபடியும் கேட்டாள். அவர் சொல்லிவிட்டார்.

இன்று உங்கள் பேரனுக்கும் மரீனு என்றுதான் பேர். இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு மரீனு இருக்கிறான். கடலைச் சேர்ந்தவன் என்று எங்களுக்குத் தெரியாதா? வாழ வந்த உங்கள் மகளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் கேட்டாள். குரல் நடுங்காமல் கேட்டாள். நீங்கள் சிரித்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீர் ஊற்றுகிற சாமியார் பேரின் அர்த்தத்தைத் தன் வாயால், பெற்றவள் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக் கூசுகிற பேர் எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்.